பாதியில நிறுத்த முடியாத ஒரே ஒரு இழுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல கஞ்சா கான்சன்ட்ரேட் பத்தி அரைப்பக்கம் எழுதியிருந்தீங்க, படிச்சேன். பயமுறுத்தணும்னு எழுதினது, அதுல எனக்கு வருத்தம் இல்ல, பயப்பட வேண்டிய சாமான் தான். ஆனா ஒரு இடத்துல “கஞ்சாவையே தான் எண்ணெயா, மெழுகா மாத்தி விக்கிறாங்க, ரெண்டும் ஒண்ணு தான்”னு போட்டிருந்தீங்க பாருங்க, அங்க தான் எனக்கு சுருக்குன்னுச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு நம்பித்தான் நானும் ஒரு நாள் பாத்ரூம் தரையில கெடந்தேன். அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, மில்லிகிராம் கணக்கை மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்லயே சொல்லிடுறேன், யாரையும் ஆரம்பிங்கன்னு சொல்ல வரல. சட்டம் அனுமதிக்கிற ஊர்கள்ல வயசு வந்தவங்க கடைக்குப் போய் இதை வாங்குறாங்க, நம்ம தமிழ் ஆளுங்களும் வாங்குறாங்க, வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து எவ்ளோ எடுக்கணும்னு தெரியாம முழிக்கிறாங்க. அவங்களுக்காகவும் அவங்க கூட வீட்டுல இருக்கிறவங்களுக்காகவும் தான் இது.

கான்சன்ட்ரேட்னா என்ன? கஞ்சாப் பூ மேல பனித்துளி மாதிரி மினுமினுன்னு பிசின் இருக்கும், லென்ஸ் வச்சுப் பாத்தா குட்டி குட்டி காளான் மாதிரி தெரியும், போதை தர்ற சமாச்சாரம் எல்லாம் அதுக்குள்ள தான். இலை தண்டு எல்லாத்தையும் தள்ளிட்டு அந்தப் பிசினை மட்டும் எடுத்தா அது கான்சன்ட்ரேட். இது ஒண்ணும் புதுசு இல்ல, கையால தேய்ச்சு உருட்டுற சரஸ், சலிச்சு அழுத்துற ஹஷிஷ் எல்லாம் இதோட பாட்டன் முப்பாட்டன். 1964ல இஸ்ரேல்ல ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் டிஹெச்சியை, அதான் போதை தர்ற முக்கியமான வேதிப்பொருளை, தனியாப் பிரிச்செடுத்தாங்களே, அதுவும் ஹஷிஷ்லேர்ந்து தான். போலீஸ் பிடிச்சு வச்சிருந்த 5 கிலோ ஹஷிஷை வாங்கி பையில போட்டுக்கிட்டு மெக்கூலம் பஸ்ல வந்தாராம், சுத்தி இருந்தவங்க எல்லாம் என்ன வாசனைன்னு மூக்கைத் தூக்கினாங்களாம், அவரே பல பேட்டியில சொன்ன கதை.

புதுசு என்னன்னா எடுக்கிற முறையும் அதோட வீரியமும். பியூட்டேன் கேஸ் விட்டு எடுக்கிறாங்க, கார்பன் டை ஆக்சைடு விட்டு எடுக்கிறாங்க, வெறும் சூடும் அழுத்தமும் கொடுத்துப் பிழியிறாங்க, அதுக்குப் பேரு ரோசின். கண்ணாடித் துண்டு மாதிரி உடையிறது ஷாட்டர், காது குரும்பி மாதிரி இருக்கிறது வேக்ஸ் (மன்னிக்கணும், வேற உவமை வரல), பறிச்ச உடனே உறைய வச்ச செடியிலேர்ந்து எடுத்தா லைவ் ரெசின், வடிச்சு வடிச்சு தெளிஞ்ச தேன் மாதிரி ஆக்கினா டிஸ்டிலேட். வேப் பேனாவுக்குள்ள (பேனா சைஸ்ல, எண்ணெயைச் சூடாக்கி ஆவியா இழுக்கிற கருவி) ஊத்துறது பெரும்பாலும் இந்த கடைசி ஐட்டம் தான். பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாங்க, பேரு வெறும் பதத்தைத் தான் சொல்லும். வீரியம் லேபிள்ல இருக்கிற நம்பர்ல தான் இருக்கு.

அந்த நம்பருக்கு வர்றேன். அமெரிக்காவுல போலீஸ் பிடிச்ச கஞ்சாவை வருஷா வருஷம் சோதிச்சுப் பாத்ததுல 1995ல சராசரியா 4 சதவீதம் டிஹெச்சி இருந்துச்சு, 2014ல அது 12 ஆயிடுச்சு. இப்போ கடையில விக்கிற பூ 15லேர்ந்து 25 வரைக்கும் சாதாரணமா இருக்கு. கான்சன்ட்ரேட் 60லேர்ந்து 90. காலேஜ் காலத்துல ரெண்டு இழுப்பு இழுத்திருக்கேன் எனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்ற அங்கிள்மாருங்க எல்லாம் அந்த 4 சதவீத ஞாபகத்துல பேசுறாங்க. நானும் அந்த லிஸ்ட்ல தான் இருந்தேன்.

சதவீதம்னு பாத்தா மனசுல பதியாது, மில்லிகிராமா மாத்துங்க. 80 சதவீதம்னு போட்டிருக்கிற ஒரு கிராம் டப்பாவுல 800 மில்லிகிராம் டிஹெச்சி இருக்கு. அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 2021ல ஆராய்ச்சிக்கு ஒரு ஸ்டாண்டர்ட் அலகு வேணும்னு 5 மில்லிகிராம்னு முடிவு பண்ணாங்க. அப்போ உங்க சுண்டுவிரல் நகத்து மேல அடங்குற அந்த ஒரு கிராம்ல 160 அலகு இருக்கு. சாராயக் கணக்குல சொன்னா 160 பெக்கை ஒரு லிப்பாம் டப்பாவுக்குள்ள அடைச்சு வச்ச மாதிரி. (உவமைக்குத் தான் சொல்றேன், ஒரு பெக்கும் 5 மில்லிகிராமும் உடம்புல ஒண்ணு இல்ல.)

இப்போ என் கதை. ஃப்ரெண்டு வீட்டுல நாலஞ்சு பேர் கூடியிருந்தோம், ஒருத்தன் டேப் அடிக்கலாமான்னு கேட்டான். டேப்னா ஒட்டுற டேப் இல்லீங்க, கான்சன்ட்ரேட்டைச் சூடான குவார்ட்ஸ் கிண்ணத்துல வச்சு ஆவியா இழுக்கிறதுக்கு அந்தப் பேரு. கேஸ் டார்ச்சை வச்சு கிண்ணத்தைச் செவக்கச் செவக்கச் சூடு பண்ணான், பல்லு குத்துற மாதிரி ஒரு கம்பி முனையில மிளகு சைஸ்ல ஒரு உருண்டை எடுத்தான், இதைப் போய் அளவு கேக்கிறதான்னு நானும் கேக்கல. இழுத்தேன். தொண்டை எரிஞ்சு இருமல் வந்துச்சு, அடக்கப் பாத்தேன் முடியல, இருமி முடிச்சு நிமிர்ந்தா காதுக்குள்ள அலை அடிக்குது, கை கால் ஜில்லுன்னு ஆயிடுச்சு, சட்டை நனைஞ்சு போச்சு. எழுந்து பாத்ரூம் போனது தான் பெரிய தப்பு, எழுந்த உடனே பிரஷர் இறங்கி கண்ணு இருட்டி அப்படியே சுவரைப் பிடிச்சு சரிஞ்சேன். தரை டைல்ஸோட கோடுகளை எண்ணிக்கிட்டு கெடந்தேன், நெஞ்சு குதிரை மாதிரி ஓடுது, செத்துடுவோம்னே முடிவு பண்ணிட்டேன். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்துச்சு, வெளிய சுவர்க் கடிகாரத்தைப் பாத்தா நாலு நிமிஷம் தான் ஆகியிருக்கு. அந்த நாலு நிமிஷம் மாதிரி பயந்தது என் வாழ்க்கையில வேற எப்பவும் இல்ல.

காப்பாத்தினது ஃப்ரெண்டோட அக்கா. அவங்க பெருசா ஒண்ணும் பண்ணல. ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க, நெத்தியில ஈரத்துணி போட்டாங்க, லைட்டைக் குறைச்சாங்க, மத்த பயலுக எல்லாரையும் வெளிய போகச் சொன்னாங்க. “தம்பி, நீ இழுத்தது அதிகம், அவ்ளோ தான், அரை மணி நேரத்துல உச்சம் இறங்கிடும், நான் இங்கயே உக்காந்திருக்கேன்”னாங்க. அதையே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னாங்க. நெஞ்சு வலிக்குதா, மூச்சு வாங்குதான்னு கேட்டாங்க, வலிச்சா ஆம்புலன்ஸ் தான், யோசிக்கிறதுக்கே இடம் இல்லன்னும் சொன்னாங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, தட்டினாலும் எழாம கெடக்கிறது, இதுல எது வந்தாலும் போலீஸ் வரும் மானம் போகும்னு யோசிக்காம உடனே ஃபோன் பண்ணணும், டாக்டர் கிட்ட என்ன எடுத்தோம்னு ஒளிக்காம சொல்லணும். எனக்கு அப்படி எதுவும் ஆகல. ரெண்டு மணி நேரம் கழிச்சு எழுந்து உக்காந்தேன், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தலை பஞ்சடைச்ச மாதிரி தான் இருந்துச்சு.

அப்புறம் வெட்கத்தோட உக்காந்து கணக்குப் போட்டேன். மில்லிகிராம் காட்டுற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒண்ணு வாங்கி, அதே மாதிரி மிளகு சைஸ்ல ஒரு உருண்டையைப் பேப்பர் துண்டு மேல வச்சுப் பாத்தேன். 52 மில்லிகிராம் காட்டுச்சு. அதுல 80 சதவீதம்னா 41 மில்லிகிராமுக்கு மேல டிஹெச்சி, எட்டு அலகு. ஆவியில பாதிக்கு மேல வீணாப் போகும், நுரையீரல் பிடிக்கிறது அதுல ஒரு பங்கு தான், சரி. ஆனா ஒரு சிகரெட்டுல 15 சதவீதப் பூ 300 மில்லிகிராம் சுருட்டினாலும் அதே மாதிரி 45 மில்லிகிராம் தான் வருது, அப்போ ஏன் அதுல அவ்ளோ சுலபமா யாரும் இப்படி விழுறதில்லன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல.

வித்தியாசம் எங்கன்னா, சிகரெட்ல பாதியில நிறுத்தலாம். ஒரு இழுப்பு, கொஞ்சம் பேச்சு, இன்னொரு இழுப்பு, பக்கத்துல இருக்கிறவன் கைக்குப் போகும், திரும்பி வர்றதுக்குள்ள தலை லேசாயிடும், போதும்டான்னு சொல்லிடுவோம். சாம்பலா போறது பாதி. நம்ம உடம்பே பிரேக் போடுறதுக்கு அஞ்சு பத்து நிமிஷம் கெடைக்குது. டேப்ல அந்த அஞ்சு நிமிஷமே கிடையாது, மொத்தமும் ஒரே மூச்சுல உள்ள போயிடுது, அது வேலை செய்ய ஆரம்பிக்கும்போது கிண்ணம் காலி. போதும்னு சொல்றதுக்கு ஆளு நாம இல்ல, உருண்டையை எடுத்த அந்தக் கம்பி முனை தான். அதனால அளவை இழுக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும். “ரெண்டும் ஒண்ணு தான்”னு நீங்க எழுதினதுல எனக்கு இருக்கிற சண்டை முழுக்க இது தான் சார்.

சரி, எடுத்தே தீருவேன்னு இருக்கிற ஆளு என்ன பண்ணலாம். என்னைக் கேட்டா வாழ்க்கையில முதல் தடவையே கான்சன்ட்ரேட் வேண்டவே வேண்டாம், பூவுல கம்மி சதவீதத்துல உங்க உடம்பு எப்படின்னு தெரிஞ்ச பிறகு யோசிங்க. அப்பவும், லைசென்ஸ் உள்ள கடையில லேபிளோட வாங்குங்க. லேபிள்ல டிஹெச்சி எவ்ளோ, சிபிடி (கஞ்சாவுல இருக்கிற, போதை ஏத்தாத இன்னொரு பொருள்) எவ்ளோ, பேட்ச் நம்பர், டெஸ்ட் பண்ண தேதி, பியூட்டேன் மாதிரி கரைப்பான் மிச்சம் இருக்கா, பூச்சிமருந்து இருக்கான்னு சோதிச்ச லேப் ரிப்போர்ட், இதெல்லாம் இருக்கணும், நிறைய டப்பாவுல க்யூஆர் கோட் தட்டினா ரிப்போர்ட் வந்துடும். சில லேபிள்ல டிஹெச்சின்னு கம்மியாவும் டிஹெச்சிஏன்னு அதிகமாவும் போட்டிருப்பாங்க, அடடே கம்மி தானேன்னு ஏமாறாதீங்க, அந்த ஏ சூடு பட்ட உடனே டிஹெச்சியா மாறிடும், டோட்டல்னு ஒரு நம்பர் தனியா இருக்கும், அதைத் தான் பாக்கணும்.

அளவு, நான் சொல்றது, குண்டூசி தலையை விடக் கம்மி. தராசு இருந்தா 5 மில்லிகிராம் பொருள், 80 சதவீதம்னா 4 மில்லிகிராம் டிஹெச்சி. பாக்குறதுக்கு சிரிப்பு வரும், கம்பியில ஒட்டிக்கிட்டு இருக்கிற அழுக்கு மாதிரி இருக்கும், அதான் அளவு. கூட இருக்கிறவன் சிரிச்சா சிரிக்கட்டும். உக்காந்துக்கிட்டு தான் இழுக்கணும், இழுத்த பிறகும் அரை மணி நேரம் எழக்கூடாது. புகையை உள்ள அடக்கி வச்சா நல்லா ஏறும், இருமினா நல்லா ஏறும்னு சொல்றது எல்லாம் சும்மா, அடக்கினா தொண்டையும் நுரையீரலும் தான் புண்ணாகும், இருமல் அதிகமாச்சுன்னாலே சூடோ அளவோ தப்புன்னு அர்த்தம். ஒரு இழுப்போட அன்னைக்கு முடிச்சுக்கணும். ஆவி ஒரு சில நிமிஷத்துல காட்ட ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும், ஒண்ணும் ஆகலயேன்னு அஞ்சாவது நிமிஷம் ரெண்டாவது உருண்டை வைக்கிறவன் தான் பாத்ரூம் தரைக்குப் போறான்.

சூடு பத்தி ஒரு வார்த்தை. என் ஃப்ரெண்டு பண்ண மாதிரி கிண்ணம் செவக்கிற அளவு சூடு பண்ணவே கூடாது, கண்ணுக்கு செவப்பாத் தெரியுதுன்னாலே 500 டிகிரியைத் தாண்டிடுச்சு. 2017ல போர்ட்லேண்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க டேப் ஆவியை ஆராய்ஞ்சு பாத்தப்போ, வாசனை தர்ற டெர்ப்பீன்கள் அதிக சூட்டுல உடைஞ்சு மெத்தாக்ரோலீன், பென்சீன் எல்லாம் வர்றதைக் கண்டாங்க, பென்சீன் புற்றுநோய் தர்ற சாமான். சூடு ஏற ஏற அதுவும் ஏறுது. டார்ச்சே வேண்டாம், டிகிரி செட் பண்ற எலக்ட்ரிக் கருவி கெடைக்குது, அதுல கம்மியில வைங்க. போதை ஏறின கையில கேஸ் டார்ச் இருக்கிறதே ஒரு விபத்துங்க, தனியா சொல்லணுமா என்ன. வீட்டுல பியூட்டேன் ஊத்தி நாமே எடுத்துக்கலாம்னு வீடியோ பாத்துக் கிளம்புற தம்பிங்களுக்கு, அந்த கேஸ் காத்தை விட கனம், தரையோட தரையா பரவி அடுத்த ரூம் ஃப்ரிட்ஜ் ஸ்விட்ச்சோட பொறியில கூட பத்திக்கும். வேண்டாம். அவ்ளோ தான் சொல்வேன்.

வேப் பேனா வேற கதை. டார்ச் இல்ல வாசனை இல்ல பாக்கெட்ல வச்சுக்கலாம்னு அது தான் நிறைய பேருக்கு முதல் கான்சன்ட்ரேட், ஆபத்தே அது தான், கையில இருக்குதேன்னு நாள் பூரா ஒவ்வொரு இழுப்பா போயிட்டே இருக்கும், கணக்கே இருக்காது. 2019ல அமெரிக்காவுல திடீர்னு நல்லா இருந்த இளவட்டங்க எல்லாம் மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேரு பாதிக்கப்பட்டு 68 பேரு செத்தாங்கன்னு அவங்க நோய்த்தடுப்பு மையம் கணக்கு. பெரிய காரணமா கண்டுபிடிச்சது வைட்டமின் ஈ அசிடேட், டிஹெச்சி எண்ணெயைத் திக்கா காட்டுறதுக்குக் கலப்படம் பண்ணது, பெரும்பாலும் தெரிஞ்சவன் மூலமா, தெருவுல, ஆன்லைன்ல வாங்கின கார்ட்ரிட்ஜ் (பேனாவுல மாட்டுற எண்ணெய்க் குப்பி). விலை கம்மின்னு லேபிள் இல்லாத கார்ட்ரிட்ஜ் வாங்குறவங்க அந்த 68ஐ ஒரு தடவை நெனச்சுக்கணும்.

அடுத்தது எங்க பெரியம்மா. எழுபது தாண்டினவங்க, மூட்டு வலி. சொந்தத்துல யாரோ பாசமா ஒரு சிரிஞ்ச் கொடுத்திருக்காங்க, ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச், உள்ள தார் மாதிரி கறுப்பா எண்ணெய். அவங்க அதை மாத்திரை டப்பா பக்கத்துலயே வச்சுட்டு எனக்கு ஃபோன் பண்ணாங்க. “ஏண்டா கண்ணா, அரிசி அளவு நாக்குல வச்சுக்கோன்னு சொன்னாங்க, அரிசி தானே, என்ன ஆகப்போகுது?” நான் நேர்ல போய்ப் பாத்தேன். லேபிள்ல ஒரு மில்லி, 700 மில்லிகிராம்னு இருந்துச்சு. தராசையும் எடுத்துட்டுப் போயிருந்தேன், ஒரு அரிசியை வச்சுக் காட்டினேன், 21 மில்லிகிராம். எண்ணெய்ல அதே எடை எடுத்தா ஏறக்குறைய 15 மில்லிகிராம் டிஹெச்சி. வாய் வழியா முதல் தடவை எடுக்கிறவங்களுக்கு 2.5 மில்லிகிராம், இல்ல அதுக்கும் கம்மின்னு தான் சொல்வாங்க. ஆறு மடங்கு! அதுவும் வாய் வழியா போனா கல்லீரல் அதை இன்னும் வீரியமான 11 ஹைட்ராக்ஸி டிஹெச்சியா மாத்தி அனுப்பும், அரை மணிலேர்ந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, சரி வேலை செய்யலன்னு இன்னொரு அரிசி வைப்பாங்க, அப்புறம் ரெண்டும் சேந்து ஏறி பன்னெண்டு மணி நேரம் இருக்கும். நடு ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா மூட்டு வலியே தேவலாம்னு ஆயிடும்.

இதை விடப் பெரிய விஷயம், அவங்க வார்ஃபரின் சாப்பிடுறாங்க, ரத்தம் உறையாம இருக்க. கஞ்சா அந்த மருந்து உடம்புலேர்ந்து வெளிய போறதைக் குறைச்சு ரத்தத்துல அதோட அளவை ஏத்திவிடும், ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். கொடுத்தவங்க யாரும் இதைக் கேக்கவே இல்ல, இயற்கை தானேன்னு விட்டுட்டாங்க. அரளி விதையும் இயற்கை தான். வலிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, மனநல மாத்திரை எடுக்கிறவங்க எல்லாரும் டாக்டர் கிட்டயோ பார்மசிஸ்ட் கிட்டயோ வெட்கப்படாம கேட்டே ஆகணும். இந்த எண்ணெய் கேன்சரைக் குணப்படுத்தும்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, மனுஷங்க கிட்ட அப்படி எதுவும் நிரூபிக்கப்படல, கீமோதெரபி வாந்திக்கு ட்ரோனாபினால்னு டிஹெச்சி மாத்திரையும், சில அபூர்வ வலிப்பு நோய்க்கு சிபிடி மருந்தும் அமெரிக்காவுல அனுமதி வாங்கியிருக்கு, அது அளந்து கொடுக்கிற மருந்து, அரிசி கணக்குல கொடுக்கிறது இல்ல.

யாருக்கு இது வேண்டவே வேண்டாம்னு கேட்டா, நான் கொஞ்சம் கறாராவே சொல்வேன். வயித்துல குழந்தை இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க. இதய நோய் உள்ளவங்க, ஏன்னா டிஹெச்சி நாடித்துடிப்பை ஏத்தும். இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ, மூளை இன்னும் வளந்துக்கிட்டு இருக்கிறவங்க. வீட்டுல அம்மா அப்பா கூடப் பொறந்தவங்க யாருக்காவது மனச்சிதைவு வந்திருந்தா, அவங்க தொடவே கூடாது. 2019ல லான்செட் சைக்கியாட்ரியில வந்த ஆய்வு, ஐரோப்பாவுலயும் பிரேசில்லயுமா 11 இடத்துல பண்ணது, 10 சதவீதத்துக்கு மேல டிஹெச்சி உள்ள கஞ்சாவை தினமும் எடுக்கிறவங்களுக்கு மனநோய் வர்ற வாய்ப்பு தொடாதவங்களை விட ஏறக்குறைய அஞ்சு மடங்குன்னு சொல்லுச்சு. அங்க வீரியம்னு அவங்க வச்ச கோடே 10. நாம பேசிக்கிட்டு இருக்கிறது 80. எல்லாருக்கும் வரும்னு இல்ல, ஆனா யாருக்கு வரும்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது.

தினமும் எடுக்கிறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாது. காலையில எழுந்த உடனே குமட்டல், நிக்காத வாந்தி, வயித்து வலி, வெந்நீர்ல குளிச்சா மட்டும் கொஞ்ச நேரம் நல்லா இருக்கும், அதனால நாளைக்கு அஞ்சாறு தடவை வெந்நீர் ஷவருக்குள்ள போய் நிப்பாங்க. ஆஸ்திரேலியாவுல 2004ல தான் முதல்ல இதை ஒரு நோயா எழுதினாங்க. கஞ்சா வாந்தியை நிறுத்தும்னு கேள்விப்பட்டிருப்பாங்க, அதனால இன்னும் அதிகமா எடுப்பாங்க, இன்னும் அதிகமா வாந்தி வரும். முழுசா விட்டா தான் நிக்கும். வெந்நீர் விஷயத்தை டாக்டர் கிட்ட சொல்லுங்க, ஸ்கேன் மேல ஸ்கேன் எடுக்கிறது மிச்சமாகும்.

கான்சன்ட்ரேட் பழகினா பூ ஒண்ணும் பண்ணாது, அப்புறம் கான்சன்ட்ரேட்டும் ஒண்ணும் பண்ணாது, உருண்டை பெருசாயிட்டே போகும். அந்த நேரத்துல நிறுத்தினா மூளையில டிஹெச்சி போய் ஒட்டுற ரிசப்டர்கள் ரெண்டு நாள்லயே திரும்ப ஆரம்பிச்சு ஏறக்குறைய 28 நாள்ல பழைய நிலைக்கு வந்துடுதுன்னு ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்காங்க. முதல் வாரம் தூக்கம் வராது, சும்மா சும்மா கோவம் வரும், சாப்பாடு இறங்காது, கெட்ட கெட்ட கனவா வரும், அது கழியுற பருவம். நிறுத்தணும்னு நெனச்சும் முடியலன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, டாக்டர் கிட்ட போக வேண்டிய விஷயம். சாராயத்தோட சேத்து எடுக்காதீங்க, சாராயம் உள்ள இருந்தா ரத்தத்துல டிஹெச்சி இன்னும் மேல ஏறும். வண்டி அன்னைக்கு முழுக்க கிடையாது, தூங்கி எழுந்த பிறகு தான்.

குழந்தைங்க இருக்கிற வீட்டுல பூட்டுப் போட்ட டப்பா. இதுல வாதமே இல்ல. தேன் மாதிரியும் மிட்டாய் மாதிரியும் தான் இருக்கும், ஒரு வயசுக் குழந்தை ஒரு விரல் நக்கினா ஐசியூ.

சட்டம் பத்தி நீங்க எழுதினதுலயும் அதே குழப்பம். “ரெண்டும் ஒண்ணு”ன்னு இந்தியச் சட்டமும் சொல்லல, கனடா சட்டமும் சொல்லல சார். இந்தியாவோட 1985 போதைப்பொருள் சட்டத்துல கஞ்சாவுக்கு சிறு அளவுன்னா (தண்டனை கம்மியா இருக்கிற வரம்பு) 1 கிலோ, சரஸ் ஹஷிஷ்னா 100 கிராம் தான், வணிக அளவு கஞ்சாவுக்கு 20 கிலோ, இதுக்கு 1 கிலோ. கனடாவுல 2018 அக்டோபர் 17லேர்ந்து கஞ்சா சட்டப்படி சரி, ஆனா கான்சன்ட்ரேட்டை ஒரு வருஷம் தள்ளி 2019 அக்டோபர்ல தான் சட்டத்துக்குள்ள விட்டாங்க, பொது இடத்துல 30 கிராம் பூ வச்சிருக்கலாம்னா கான்சன்ட்ரேட் ஏழரை கிராம் தான், தின்பண்டமா வித்தா ஒரு பாக்கெட்டுக்கு மொத்தமே 10 மில்லிகிராம் டிஹெச்சி. சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுல எடுத்தாலே குத்தம், திரும்பி வந்து டெஸ்ட்ல மாட்டினா கேஸ். ஒரு நாட்டுல கடையில பில்லோட வாங்கின பேனாவை மறந்து பையில வச்சுக்கிட்டு விமானம் ஏறினா அந்த பில் உங்களைக் காப்பாத்தாது. சட்டம் போட்டவங்களுக்கே பத்து மடங்கு, இருபது மடங்கு, நாலு மடங்குன்னு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு, பேப்பர்ல எழுதுற நமக்குத் தெரிய வேண்டாமா.

பெரியம்மா கிட்ட அந்த சிரிஞ்சை வாங்கி லைசென்ஸ் கடையிலேயே திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொல்லிட்டேன், அவங்க டாக்டர் வேற மூட்டு வலி மருந்து எழுதியிருக்காரு. தராசு மட்டும் அவங்க வீட்டுலயே இருக்கட்டும்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க, எதுக்குன்னு கேட்டேன், “கொடுத்த பய அடுத்த தடவை வருவான்ல, அவன் முன்னாடி ஒரு அரிசியை வச்சுக் காட்டத் தான்”னாங்க.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம்னு கேட்டுக்கொள்ளும் உங்க பல வருஷ வாசகன்